ஜிங்க்: போதுமானது

சாம்ராஜுக்கு இடுப்பு வலி எங்கே என்று கேட்டால் விரலை வைத்தே காட்டுவான். பெல்ட்டுக்குக் கீழே, முதுகெலும்புக்கு இடப்பக்கம், ஒரு நாணய அளவு. அந்த இடத்திலிருந்து ஒரு கம்பி கிளம்பித் தொடை வழியாகக் கணுக்கால்வரை இறங்கும். காலையில் மௌலா அலி வீட்டில் கட்டிலை விட்டு எழுவதே தனி வேலை. பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, காலை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, "இயேசுவே" என்று ஒரு மூச்சு விட்டுத்தான் நிமிர வேண்டும். இது ஜெபமா வலியா என்று அவன் மனைவி ஐவிக்கே தெரியாது.

அவன் வேலையே குனிவதுதான். கம்பெனி அதற்கு ஃபீல்டு சாம்ப்ளிங் எக்சிகியூட்டிவ் என்று பெயர் வைத்து அட்டை அடித்துக் கொடுத்திருந்தது. கீசரா பக்கமும் கட்கேசர் பக்கமும் பைக்கில் போய், ஒரு வயலில் வளைந்து வளைந்து நடந்து, எட்டுப் பத்து இடத்தில் புல்லைச் செதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். குழியின் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் மண். எல்லாச் சீவலையும் டப்பில் போட்டுப் பிசறிக் கலக்கி, நாலு பங்காக்கி, எதிரெதிர் பங்கைக் கொட்டி, மறுபடி நாலாக்கி, கடைசியில் அரைக் கிலோ மிஞ்சும்போது துணிப்பையில் கட்ட வேண்டும். அந்த அரைக் கிலோதான் லேபில் அந்த ஏக்கர் முழுவதுக்கும் சாட்சி சொல்லும். அது சொல்வதை வைத்துத்தான் விவசாயிக்குக் கார்டு வரும்: ஜிங்க் குறைவு, இத்தனை கிலோ போடு, போரான் குறைவு, இத்தனை கிராம் தெளி.

சாம்ராஜின் அப்பா ரயில்வேயில் கேங்மேன். ஆயுள் முழுக்கத் தண்டவாளத்துக்குக் குனிந்தவர். "அவரு இரும்புக்குக் குனிஞ்சாரு, நான் மண்ணுக்குக் குனியறேன். எங்க வம்சத்துல நிமிர்ந்து நின்னது ஃபோட்டோ எடுக்கும்போது மட்டும்தான்" என்று சாம்ராஜ் சொல்லிச் சிரிப்பான். சிரித்தாலும் இடுப்பு வலிக்கும்.

ஆகவே அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அது ஒரு நாற்காலி. மௌலா அலியில் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த டிப்போவில், வந்து சேரும் மண் பைகளை வாங்கி நம்பர் ஒட்டும் மேஜை ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் சக்கரம் வைத்த கறுப்பு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த பெர்லின் என்ற பெண் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள். நாற்காலி காலியாகக் கிடந்தது. டிப்போவுக்குப் பை கொண்டுவந்து போடும்போதெல்லாம் சாம்ராஜ் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போவான்.

கம்பெனி முதலாளி உமாசங்கர். கோயம்புத்தூர்க்காரர். பல வருடம் வங்கிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிவிட்டு, திடீரென்று ஒரு நாள் மண்ணைக் காப்பாற்றக் கிளம்பியவர். கொண்டாப்பூரில் ஆறாவது மாடியில் அவர் ஆபீஸ். வயலுக்கு ஃபோட்டோகிராபர் இல்லாமல் அவர் போனதை யாரும் பார்க்கவில்லை. மண்ணைத் தொட்டால் உடனே கை கழுவுவார். ஆனால் மண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பணம் போட வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மே மாதத்தில் அவருக்கு ஒரு சங்கடம் வந்தது. கம்பெனி இணையதளத்தில் இருந்த ஒரு படத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் டப்பில் மண் கலக்கிக்கொண்டிருந்தான் சாம்ராஜ். பணம் போட வந்த வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி, மண்ணைக் காப்பாற்றுகிறவர்கள் பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று கேட்டுவிட்டாள். உமாசங்கர் எல்லாரையும் கொண்டாப்பூருக்குக் கூப்பிட்டார். ஏசி அறையில் பதினாலு பேர். டப் வேண்டாம், வேறு என்ன என்பதுதான் கேள்வி. மூங்கில் கூடை என்றான் ஒருவன். மண் ஒழுகும் என்றான் இன்னொருவன். மண்பானை என்றது ஒரு பெண். பைக்கில் எப்படி என்று எல்லாரும் சிரித்தார்கள்.

சாம்ராஜ் கையைத் தூக்கினான்.

"சார், தகர வாளி போடலாம் சார். பிளாஸ்டிக்கு எப்படியும் வெயில்ல வெடிச்சிடுது. ஜிங்க் அடிச்ச வாளி சார், துருவே புடிக்காது. என் மச்சான் கலேப்பு மல்காஜ்கிரி மார்க்கெட்ல கடை வெச்சிகீறான்."

ஜிங்க் அடிச்ச வாளி என்று அவன் வாயாலேயே சொன்னான். அந்த அறையில் இருந்த பதினாலு பேரும் ஜிங்க் என்ற வார்த்தையை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஒருத்தர் காதிலும் அது விழவில்லை. விழவேண்டிய காது ஒன்று இருந்தது, அது அனுபமாவினுடையது. மண் படித்தவள் அந்தக் கம்பெனியில் அவள் ஒருத்திதான். அவள் பிரசவ லீவில் திருச்சியில் இருந்தாள். முதல் வருடப் பயிற்சியில் "இரும்பு, தகரம் எதுவும் வேணாம்ணா, பிளாஸ்டிக் டப்புதான்" என்று அவள் சொன்னது சாம்ராஜுக்கு நினைவிருந்தது. கனம் தூக்க வேண்டாம் என்று அக்கறையாகச் சொல்கிறாள் என்று அவன் அப்போது எடுத்துக்கொண்டான்.

"சூப்பருங்க சாம்ராஜ். படத்துலயும் பளபளன்னு இருக்கும் பாருங்க" என்றார் உமாசங்கர்.

ஒரு டஜன் வாளி வந்தது.

ஜூன் மாதம் முதல் மழைக்கு முன்னால் அன்னம்மாளின் ஒரு ஏக்கருக்கு மண் எடுக்கப் போனான் சாம்ராஜ். அன்னம்மாள் அவன் சர்ச்சைச் சேர்ந்தவள். ரயில்வே ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவள். வந்த பணத்தில் மற்றவர்கள் எல்லாம் பிளாட் வாங்கி மாடி கட்ட, அவள் கீசராவுக்கு அந்தப்பக்கம் ஒரு ஏக்கர் வாங்கி நெல் போடப்போகிறேன் என்றபோது, புருஷன் போன துக்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்கள். "முப்பது வருஷம் ஊரான் பெட்பேனைத் தூக்கினேன். இனிமே என் சாணி, என் மண்ணு" என்றாள் அவள். முதல் அறுவடையில் ஒரு மூட்டை சர்ச்சுக்கு என்று நேர்ந்தும் கொண்டாள்.

"இன்னாடா சாம்ராஜு, இடுப்பப் புடிச்சிகினு நிக்கிற? வலி கண்டுடுச்சா?"

"ஹவ்க்கா, ஆமா. ரெட்டப் புள்ள."

"அப்ப நீ குனியாத. எத்தினி பிரசவம் பாத்துகீறேன் நானு. மண்வெட்டிய இங்க குடு. எங்க வெட்டணும், அத மட்டும் சொல்லு."

அவளே வெட்டினாள். அவளே சீவினாள். வாளியில் போட்டு, சோறு பிசைகிற மாதிரி, வாளியின் பக்கமெல்லாம் வழித்து வழித்துக் கலக்கினாள்.

"வாளி நல்லா கீதே. வெள்ளி மாதிரி மின்னுது."

"எங்க கலேப்பு கடைதுக்கா."

"எனக்கு ஒண்ணு வாங்கிக் குடேன்."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? தண்ணி மொள்ளத்தான். உன் வளகாப்புக்குச் சீர் வெக்கவா?"

இரண்டு வாரத்தில் கார்டு வந்தது. நைட்ரஜன் குறைவு. பொட்டாஷ் நடுத்தரம். ஜிங்க்: போதுமானது. கீழே சாம்ப்ளிங் செய்தவர் என்ற இடத்தில் சாம்ராஜின் கையெழுத்து. அன்னம்மாள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மோட்டார் கொட்டகையில் மாட்டினாள்.

பக்கத்து வயல்காரன் யாதகிரி பரம்பரையாக அங்கே நெல் போடுகிறவன். கடைசி உழவில் ஏக்கருக்கு இருபது கிலோ ஜிங்க் சல்பேட் போடு அக்கா, இந்தப் பக்கத்து மண்ணுக்கு அது இல்லாமல் ஆகாது என்று அவன் தெலுங்கில் சொன்னான். அன்னம்மாள் கார்டைக் காட்டினாள். அவன் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, கார்டு சரிதான், ஆனாலும் போடு என்றான். அவள் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாம்ராஜிடம் பெருமையாகச் சொன்னாள்: "ரிப்போர்ட்டு கையில கீறப்ப பக்கத்து பெட்டுக்காரன் பேச்ச யாராவது கேப்பாங்களா? எத்தினி பேரு அப்படிக் கேட்டு செத்துகீறாங்க தெரியுமா?"

ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்தவளுக்கு அதுதான் நியாயம். ரிப்போர்ட்டை மீறினால் ஆள் போய்விடும்.

இந்தப் பக்கம் கொண்டாப்பூரில் திருவிழா. போன வருடம் நூறு வயலில் அறுபதில் ஜிங்க் குறைவு. இந்த வருடம் ஒன்பதில்தான். உமாசங்கர் அதைப் படமாக வரைந்து சுவர் அகலத்துக்குப் போட்டுக் காட்டினார். சிவப்பு வட்டமெல்லாம் பச்சையாகியிருந்தன. நம் கம்பெனியின் ஃபோன் செயலி சொன்னதை விவசாயிகள் கேட்டார்கள், இரண்டே போகத்தில் மண் குணமாகிவிட்டது என்றார். யாரோ ஒரு சங்கத்தார் விருது தரப்போவதாகச் சொன்னார்கள். கேக் வெட்டினார்கள். கேக் வெட்டிய கையோடு, களத்தில் உழைத்தவர்களைக் கௌரவிக்க வேண்டும் என்று சொல்லி உமாசங்கர் சாம்ராஜின் தோளில் கை போட்டார்.

"நம்ம சாம்ராஜ் இனிமே டிப்போ இன்சார்ஜுங்க."

நாற்காலி கிடைத்துவிட்டது. முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது சாம்ராஜுக்குத் தன் அப்பா நினைவு வந்தது. அவர் பென்ஷன் வாங்கப் போனபோதுகூட நின்றுகொண்டுதான் வாங்கினார்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அன்னம்மாள் ஈரப் பேப்பரில் சுற்றிய நாலு நாற்றை அவன் கையில் கொடுத்தாள். இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி. நடு நரம்பு வெளுத்திருந்தது. பயிர் வளராமல் குன்றியிருந்தது.

"உரக் கடைக்காரன் நோவுன்னு சொல்லி மருந்து குடுத்தான். ரெண்டு தபா அடிச்சிட்டேன். ஒண்ணும் கேக்கல. உங்க கம்பெனில காட்டு."

மறுநாள் அனுபமா லீவு முடிந்து முதல் தடவையாக டிப்போவுக்கு வந்தாள். சாம்ராஜ் நாற்றை நீட்டினான். அவள் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"ஜிங்க் இல்லாத பயிர்ணா. இதுக்கு லேபே வேணாம்."

"இல்லம்மா, கார்டுல போதுமானதுன்னு வந்துகீது."

"எப்படி வரும்?" என்று கேட்டுக்கொண்டே திரும்பியவள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த வாளிகளைப் பார்த்தாள். கிட்டே போனாள். ஒரு வாளிக்குள் விரலை விட்டு வழித்தாள். அடிப்பக்கம் மண்வெட்டி உரசி உரசிப் பூச்சு கீறியிருந்தது.

"அண்ணா, இதுலயா மண்ணு கலக்குறீங்க?"

சாம்ராஜ் எழுந்து நின்றான். நாற்காலி சக்கரத்தில் பின்னால் ஓடிச் சுவரில் முட்டியது.

அவள் ஒரே வயல் மண்ணை இரண்டாகப் பிரித்தாள். பாதியைப் பழைய நீல டப்பிலும் பாதியை வாளியிலும் கலக்கி லேபுக்கு அனுப்பினாள். டப்பு மண்ணில் ஜிங்க் பத்து லட்சத்தில் அரைப் பங்குகூட இல்லை. வாளி மண்ணில் அதைப்போல நாலு மடங்கு. பயிருக்கு வேண்டிய ஜிங்க் அவ்வளவு கொஞ்சம்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு சுரண்டல் அரைக் கிலோ மண்ணில் விழுந்தால் தரித்திர வயல்கூடக் கார்டில் பணக்கார வயலாகிவிடும்.

கொண்டாப்பூரில் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்கள். மூன்று பேர்தான்.

"அப்ப லேப் மெஷின் தப்புங்களா?" என்றார் உமாசங்கர்.

"மெஷின் கரெக்டா இருக்கு சார். வாளியில எவ்வளவு ஜிங்க் இருக்குன்னு துல்லியமா சொல்லியிருக்கு."

"விளையாடாதீங்க அனுபமா. வியாழக்கிழமை விருது."

"கார்டையெல்லாம் திரும்ப வாங்கணும் சார். இப்பத் தெளிச்சாக்கூடப் பாதிப் பயிர் தேறிடும். இன்னும் ரெண்டு வாரம் போனா ஒண்ணும் பண்ண முடியாது."

உமாசங்கர் கண்ணாடி வழியாகக் கீழே ரோட்டைப் பார்த்தார். பிறகு சாம்ராஜைப் பார்த்தார்.

"வாளி யாரு சொல்லி வந்ததுங்க?"

சாம்ராஜுக்கு அந்த நாணய அளவு இடத்தில் சுருக்கென்றது.

"சரி விடுங்க. அதக் கிளறுனா யாருக்கோ ஒருத்தருக்குத்தான் கஷ்டம். சாம்ராஜும் இப்பத்தான் சேருக்கு வந்திருக்காரு" என்றார் உமாசங்கர், அன்பாக.

அனுபமா விடவில்லை. கத்தினாள். கடைசியில் அவளுக்குக் கிடைத்தது ஒரு வரி. செயலியில் எல்லாருக்கும் ஒரு செய்தி போயிற்று: ஜிங்க் தெளித்தால் உங்கள் பயிருக்குக் கூடுதல் பலன் கிடைக்கலாம். பக்கத்தில் ஒரு நெற்கதிர் சிரித்துக்கொண்டிருந்தது. விவசாயிகளுக்கு அறிவித்தாயிற்று. செயலி இருந்தவர்களில் பாதிப்பேர் அதைத் திறப்பதில்லை. அன்னம்மாளிடம் இருந்தது பட்டன் ஃபோன்.

"அண்ணா, அந்தம்மாகிட்ட நீங்களே நேர்ல போய் விஷயத்தச் சொல்லிடுங்க" என்றாள் அனுபமா, படியிறங்கும்போது.

"ஹவ்ம்மா, சொல்றேன்" என்றான் சாம்ராஜ்.

வீட்டில் ஐவியிடம் சொன்னான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாளின்னு சொன்னா கலேப்புப் பேரு வரும். கலேப்புப் பேரு வந்தா எங்கம்மா என்ன உயிரோட வெப்பாளா? உனக்கு சேரும் போவும். மறுபடி மண்வெட்டியத் தூக்குவியா இந்த இடுப்ப வெச்சிகினு?"

"பயிரு போவுது ஐவி."

"ஜிங்க் போடுன்னு சொல்லு. போட்டாப் போதும்ல? வாளியப் பத்தி கைக்கு, இன்னாத்துக்கு சொல்ற?"

அது சாம்ராஜுக்குச் சரியாகத்தான் பட்டது. தனக்கு வசதியானது எப்போதுமே சரியாகத்தான் படும்.

அடுத்த நாளே இரண்டு கிலோ ஜிங்க் சல்பேட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு கீசரா போனான். அன்னம்மாள் வரப்பில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தாள். யாதகிரியின் வயல் கரும்பச்சையாக நின்றது. அவள் வயல் அங்கங்கே வெந்துபோன மாதிரி இருந்தது.

"அக்கா, இதத் தண்ணில கரைச்சி அடி. வாரத்துக்கு ஒரு தபா."

"இன்னா இது?"

"ஜிங்க்."

"என்கிட்டதான் போதுமானது கீதே."

"ஹவ், கீது. இருந்தாலும் அடிக்கா."

அன்னம்மாள் கையைக் கழுவினாள். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"கமிஷன் எவ்ளோ?"

"அய்யோ, கமிஷன் இல்லக்கா. என் காசுல வாங்கியாந்தேன்."

"மொதப் பாக்கெட்டு சும்மாதான் குடுப்பானுங்க. மருந்துக் கம்பெனிக்காரன் டாக்டர்கிட்ட வர்றத நான் பாக்காததா? சேரு குடுத்தானே உன் முதலாளி, இதுக்குத்தானா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப கார்டு பொய்யா?"

இதற்குப் பதில் ஒரே வார்த்தை. ஆமாம் என்றால் போதும். சாம்ராஜ் வாயைத் திறந்தான். கறுப்பு நாற்காலி தெரிந்தது. மூடினான்.

"பொய்யி இல்லக்கா."

"உன் கையெழுத்துதான அதுல?"

"ஹவ்."

"பின்ன இன்னாத்துக்கு அடிக்கணும்?"

"சும்மா. ஒரு சேஃப்டிக்கு."

"சேஃப்டிக்கு ஊசி போடறவங்கள நெறைய பாத்துட்டேன்யா. போ, போயி சேர்ல உக்காரு."

அவள் பார்க்காதபோது பாக்கெட்டை மோட்டார் கொட்டகையில், அவளுடைய கார்டுக்குக் கீழேயே வைத்துவிட்டு வந்தான். அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில், பத்துப் பேர் பார்க்க, அவள் அதை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "உன் வியாபாரத்த என் கொட்டகைல மறந்துட்டுப் போய்ட்ட." பிறகு அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

விருது வந்தது. உமாசங்கர் மேடையில் பளபளக்கும் வாளி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். அனுபமா மூன்று மெயில் போட்டாள், பதில் இல்லை. நாலாவது மெயில் ராஜினாமா. அவள் போன மறுநாள் உமாசங்கர் டிப்போவுக்கு ஃபோன் செய்தார்.

"சாம்ராஜ், அந்த வாளி ஒண்ணுகூட அங்க இருக்கக் கூடாதுங்க. டப்பு அனுப்பறேன். பச்சைக் கலர்ல."

சாம்ராஜின் இடுப்பு குறையவில்லை. கூடியது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தே இருக்கிற வேலையா, அதுதான் கெடுக்கிறது, நன்றாக நடங்கள் என்றார். முன்பு என்ன வேலை என்று கேட்டார். சாம்ராஜ் சொன்னான். அது இதைவிடப் பரவாயில்லையே என்றார் டாக்டர்.

நவம்பரில் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஆளாளுக்கு விளைந்ததையும் சமைத்ததையும் கொண்டுவந்து ஆல்டருக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். மௌலா அலியில் விளைவது வாழைத்தாரும் முருங்கைக்காயும்தான். மிச்சமெல்லாம் கேக், முறுக்கு, கோழி. எதையாவது தர வேண்டுமே என்று சாம்ராஜ் அந்த வாளிகளைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்தான். கம்பெனி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்திருந்தான். கம்பெனிக்கு வாளி ஒழிந்தது, சர்ச்சுக்குக் காணிக்கை ஆயிற்று, கலேப்பின் பெயரும் கெடவில்லை. ஐவிகூட அவனைப் புத்திசாலி என்றாள்.

அன்னம்மாள் ஆட்டோவில் ஒரு நெல் மூட்டையோடு வந்து இறங்கினாள். நேர்ந்துகொண்ட மூட்டை. விளைந்தது குறைவு என்று எல்லாருக்கும் தெரியும்; பாஸ்டர், அரை மூட்டை போதும்மா என்றார். அவள் கேட்கவில்லை. மூட்டை ஏலத்துக்கு வந்தபோது மைக்கை வாங்கினாள்.

"ரெண்டு வார்த்த. இந்த வருஷம் எனக்கு வெளைச்சல் போச்சி. நோவும் இல்ல, பூச்சியும் இல்ல. ஜிங்க் போடலன்னு யாதகிரி சொல்றான், உழவுலயே சொன்னான், நான் கேக்கல. அப்பறம் இன்னொருத்தனும் வந்து சொன்னான். நம்ம சாம்ராஜு. சொந்தக் காசுல வாங்கியாந்தான். கமிஷன் திங்கிறியான்னு கேட்டு அவன் மூஞ்சில அடிச்சேன். எல்லார் முன்னாடியும் அடிச்சேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு என்னுது. மனசுல வெச்சிக்காத தம்பி."

பந்தலில் கைதட்டினார்கள். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐவி சாம்ராஜின் விலாவில் இடித்தாள். சாம்ராஜ் எழுந்து, "பரவால்லக்கா" என்றான். சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டான். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை கைதட்டினார்கள்.

ஏலம் நடந்தது. பரங்கிக்காய் போயிற்று, சேவல் போயிற்று. வாளிகள் வந்தன. முதல் வாளியை அன்னம்மாளே எடுத்தாள். எடுத்துக்கொண்டு, சாம்ராஜ் நிற்கிற இடத்துக்கு, வேப்பமரத்தடிக்கு வந்தாள். மூன்று மாதப் பேச்சு பாக்கியிருந்தது அவளிடம்.

"நீதான் வாங்கித் தரல. நானே எடுத்துட்டேன் பாரு. உன் இடுப்பு எப்படி கீது?"

"அப்படியேதான்க்கா."

"ஒண்ணு செய்யறேன். அடுத்த தபா மண்ணெடுக்க நீயும் வர வேணாம், ஆளும் அனுப்ப வேணாம். நானே வெட்டி, இந்த வாளிலயே கலக்கி, பையில கட்டி உன் சேருகிட்ட கொண்டாந்து வெக்கிறேன். நீ குனியவே வேணாம்."

சாம்ராஜ் வாளியைப் பார்த்தான். அவள் கை அதன் விளிம்பை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தது. இன்னொரு அரைக் கிலோ மண், இன்னொரு கார்டு, இன்னொரு போதுமானது. இந்த முறை கையெழுத்துப் போடவேண்டியது டிப்போ இன்சார்ஜ்.

"அக்கா, அந்த வாளி நக்கோ, வேணாம்."

"கைக்கு?"

"மண்ணுக்கு நக்கோ. அதுல ஜிங்க் அடிச்சிகீது."

"அடிச்சா இன்னா?"

"கலக்கும்போது மண்ணுல எறங்கும். அன்னிக்கு உன் மண்ணையும் இதுலதான் கலக்கினோம். கார்டுல வந்தது உன் நெலத்து ஜிங்க் இல்ல. வாளி ஜிங்க்."

அன்னம்மாள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். பின்னால் மைக்கில் முறுக்கு டப்பாவுக்கு விலை ஏறிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆகஸ்ட்ல."

"பாக்கெட்டு எடுத்துகினு வந்தியே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடி."

"கார்டு பொய்யான்னு நான் கேட்டேன்."

"ஹவ்க்கா. கேட்ட."

"இப்ப மைக்குல உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீ பரவால்லன்ன."

சாம்ராஜ் தலையைக் குனிந்தான். அதற்கும் இடுப்பு வலித்தது. "என்ன மன்னிச்சிடுக்கா" என்றான்.

"அதெல்லாம் பாஸ்டர்கிட்ட கேளு. அவருக்குத்தான் அது வேல." அன்னம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். விரல் விட்டு எண்ணவில்லை; கணக்கு ஏற்கெனவே அவளிடம் இருந்தது. "யாதகிரிக்கும் ஒரு ஏக்கரு. அதே வெத, அதே தண்ணி. அவனுக்கு முப்பத்தி நாலு மூட்ட. எனக்கு இருவத்தி ரெண்டு. மீதிய எனக்கு நெல்லாவே குடு. காசு வேணாம். உன் முதலாளிகிட்ட வாங்குவியோ, உன் மச்சான்கிட்ட வாங்குவியோ, அது உன் பாடு."

"அக்கா, அவ்ளோ நெல்லுக்கு நான் எங்க..."

"சேர்ல உக்காந்து யோசி. நல்ல சேராமே?"

அவள் வாளியை மறுபடி எடுத்துக்கொண்டாள். ஏலத்தில் எடுத்த பொருள். துணி அலச ஆகும்.

சங்கராந்தி தாண்டி அடுத்த நடவு ஆகிவிட்டது. அன்னம்மாள் கார்டைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டு, யாதகிரி சொன்னபடி இருபது கிலோ ஜிங்க் சல்பேட் போட்டு நட்டாள். பயிர் நன்றாக இருப்பதாகக் கேள்வி. சாம்ராஜ் இன்னும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான், முதுகுக்கு ஒரு தலையணை வைத்து. உமாசங்கரிடம் ஒரு தடவை பேச்செடுத்தான். எந்த வாளிங்க என்று கேட்டார் அவர். கலேப்பிடம் பேச்செடுக்க ஐவி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அன்னம்மாள் அவனைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்கிறாள், வேறெதுவும் கேட்பதில்லை. இதுவரை ஒரு மூட்டைகூடப் போய்ச் சேரவில்லை. சாம்ராஜ் அன்னம்மாளுக்குத் தர வேண்டியது பன்னிரண்டு மூட்டை நெல்.